கட்டும் பக்குவமும்

சைவ சித்தாந்தம் பேசும் முப்பொருள்களில் பதி இறைவன், பசு உயிர், பாசம் உயிரைக் கட்டியிருப்பது. பாசம் என்ற சொல்லுக்கு முதற்பொருள் கயிறு. எமன் கையில் இருப்பதும் பாசம், தாய்க்குப் பிள்ளைமேல் இருப்பதும் பாசம். உயிரைப் பிணித்திருக்கும் பாசத்தை ஆணவம், கன்மம், மாயை என்று மூன்றாகப் பிரித்து, மூன்றுக்கும் பொதுவாக மலம் என்ற பெயரையும் சாத்திரம் தருகிறது. இவ்வளவும் சமய வகுப்பின் முதல் பாடம். சிக்கல் அடுத்த பாடத்தில்தான் தொடங்குகிறது. உயிரைக் கட்டில் வைத்தது எதற்காக? அது தண்டனையா, அல்லது ஒரு நிலைக்குத் தேறி வரும்வரை உள்ளே வைத்துப் பழக்குவதா? உடம்பு சிறைக்கூடமா, பயிற்சிக்கூடமா?

இந்தக் கேள்விக்குத் தமிழ்ச் சைவம் சொன்ன விடை ஏடுகளில் மட்டும் இல்லை. திருவண்ணாமலையில், அதிலும் மலைக்கு மேற்கே கிரிவலப் பாதையில் அமைந்த அடி அண்ணாமலையில், அது கோயிலாகவும் கதையாகவும் பாட்டாகவும் இருக்கிறது.

கட்டைக் குறிக்கும் தமிழ்ச் சொற்களில் பல இரு பக்கமும் பேசுகின்றன. தளை என்றால் விலங்கு. யாப்பிலக்கணத்திலோ சீரோடு சீர் சேரும் கட்டுக்குத் தளை என்று பெயர்; அது தட்டினால் வெண்பா வெண்பாவாக நிற்காது. யாத்தல் என்றால் கட்டுதல். அதிலிருந்து யாப்பும் பிறந்தது, உடம்பைக் குறிக்கும் யாக்கையும் பிறந்தது. காப்பு என்பது காவல், கைவளை, நூலின் முதற்பாட்டு, திருவிழாத் தொடக்கத்தில் மணிக்கட்டில் கட்டும் மஞ்சள் கயிறும் அதுவே. காப்புக் கட்டிக்கொண்டவர் விழா முடியும்வரை ஊர் எல்லையைத் தாண்டுவதில்லை என்பது பல ஊர்களின் வழக்கம். அந்தக் கட்டை அவர் பெருமையாகவே சுமக்கிறார். சிறை என்ற சொல்லுக்கும் அடைப்பு ஒரு பொருள் மட்டுமே. பழந்தமிழில் பறவையின் சிறகுக்கும் சிறை என்றே பெயர். திருக்குறளின் 57ஆம் குறள் சிறைவைத்துக் காக்கும் காவலையும் மனத்தின் நிறையால் வரும் காவலையும் எதிரெதிரே வைத்து, பின்னதே தலையாயது என்கிறது. வெளியிலிருந்து போடும் பூட்டு ஒன்று, தன்னைத் தானே ஒழுங்கில் நிறுத்திக்கொள்வது வேறொன்று என்பதைத் தமிழ் அப்போதே பிரித்துப் பார்த்துவிட்டது.

பயிற்சியின் பக்கத்திலிருந்து வந்தாலும் இதே இடத்தில்தான் வந்து சேர வேண்டியிருக்கிறது. பயில்தல் என்ற வினைக்குப் பழகுதல் என்பதோடு ஓரிடத்தில் தங்குதல், நெருங்கியிருத்தல் என்ற பொருள்களும் உண்டு. ஆசிரியர் வீட்டிலேயே தங்கிக் கற்பவனை வடமொழி அந்தேவாசி என்றது. தங்காமல் பழக்கம் இல்லை. பழக்கம் இல்லாமல் பக்குவம் இல்லை. பக்குவம் என்ற சொல் அடுப்படியிலும் ஆகமத்திலும் ஒரே பொருளில் வழங்குகிறது. உயிரின் மலம் பதம் வந்து கழலும் நிலைக்குச் சித்தாந்தம் இட்ட பெயர் மலபரிபாகம்.

மூன்று மலங்களில் ஆணவம்தான் மூலம். மற்ற இரண்டும் பின்னால் வந்து சேர்ந்தவை. ஆணவம் மட்டும் உயிர் என்று உண்டோ அன்றே உடனிருப்பது. அதற்குத் தொடக்கம் சொல்ல முடியாது. பேச்சு வழக்கில் ஆணவம் என்றால் திமிர், அகந்தை. சாத்திரத்தின் ஆணவம் அதைவிட ஆழமானது. உயிரின் அறிவையும் விருப்பத்தையும் செயலையும் அடியோடு மறைத்து, தான் இருப்பதையே தனக்குத் தெரியாமல் செய்யும் இருள் அது. அகந்தை அந்த இருளின் ஒரு வெளிப்பாடு. இருட்டாவது தன்னைக் காட்டிக்கொண்டு மற்றவற்றை மறைக்கும். ஆணவம் தன்னையும் காட்டாது என்று சித்தாந்திகள் சொல்வார்கள்.

அதனால்தான் மெய்கண்டார் வரலாற்றில் அந்தப் புகழ்பெற்ற நிகழ்ச்சி இடம்பெறுகிறது. 13ஆம் நூற்றாண்டில் திருவெண்ணெய்நல்லூரில் வாழ்ந்த மெய்கண்டார் 12 நூற்பாக்களில் சிவஞானபோதம் செய்தவர். அவர் இளம் வயதிலேயே மாணவர் சூழப் பாடம் சொல்வதைக் கேள்விப்பட்டு, சகலாகம பண்டிதர் என்று பெயர் பெற்ற மூத்த அறிஞர் அவரைச் சோதிக்க வந்தார். ஆணவத்தின் இலக்கணம் என்ன என்று நின்றபடியே கேட்டார். மெய்கண்டார் வாய் திறக்கவில்லை. கேட்டவரை நோக்கி விரலை நீட்டினார். பண்டிதர் அந்த இடத்திலேயே அவர் காலில் விழுந்து மாணவரானார் என்பது மரபு. அவரே பின்னாளில் சிவஞான சித்தியார் பாடிய அருணந்தி சிவாசாரியார்.

திருவண்ணாமலையின் தலக்கதையும் ஆணவத்தின் கதைதான். தம்மில் யார் பெரியவர் என்று பிரமனும் திருமாலும் வாதிட்டபோது அடியும் முடியும் தெரியாத அழலாகச் சிவன் நின்றான். திருமால் பன்றியாகி நிலத்தை அகழ்ந்து போய், காண முடியவில்லை என்று ஒப்புக்கொண்டார். அன்னமாகிப் பறந்த பிரமனோ கீழே விழுந்துகொண்டிருந்த தாழம்பூவைப் பொய்ச்சாட்சிக்கு வைத்துக்கொண்டு முடியைக் கண்டதாகச் சொன்னான். சிவன் கோயில்களில் கருவறையின் பின்புறச் சுவரைச் சுற்றிவருபவர் இந்தக் காட்சியைக் கல்லில் பார்க்கலாம்: நடுவே தூண் பிளந்து ஒரு திருவுரு, மேலே மூலையில் சிறு அன்னம், கீழே நிலத்துக்குள் மூக்கை நுழைக்கும் பன்றி. அந்த அழல் குளிர்ந்து மலையானதுதான் அண்ணாமலை என்கிறது புராணம். அடி அண்ணாமலைக் கோயிலில் உள்ள ஆதி அருணாசலேசுவரர் இலிங்கத்தைப் பிரமனே நிறுவினான் என்பது தலமரபு. பொய் சொல்லித் தோற்றவன் வந்து வழிபடத் தொடங்கிய இடம் என்று இந்த ஊரைக் காண மரபு இடம் தருகிறது. பெரிய கோயிலின் கூட்டமும் ராசகோபுர உயரமும் இங்கே கிடையாது. கிரிவலத்தில் பாதி வழிக்கு மேல் கடந்தவர்கள், வருணலிங்கத்துக்கும் வாயுலிங்கத்துக்கும் இடையில், களைத்த காலோடு உள்ளே நுழையும் கோயில் இது.

ஆணவ இருளில் மட்டும் கிடக்கும் நிலையைக் கேவலம் என்பார்கள். தனியாகக் கிடத்தல் என்று பொருள். அந்த நிலையில் உயிருக்கு உடம்பும் இல்லை, கருவிகளும் இல்லை, வினையும் இல்லை. சுதந்திரம் என்றால் எதிலும் கட்டுப்படாமல் இருப்பது என்று கொண்டால், கேவல உயிரைவிடச் சுதந்திரமான ஒன்று இருக்க முடியாது. சித்தாந்தம் அதைத்தான் மிகக் கொடிய சிறை என்கிறது. அந்த உயிருக்குத் தன் சிறையைப் பற்றிய உணர்வே கிடையாது. அதற்கு இறைவன் மாயையிலிருந்து உடம்பும் பொறி புலன்களும் உலகமும் அமைத்துக் கொடுக்கிறான். வினைக்கு ஈடாக இன்பமும் துன்பமும் ஊட்டுகிறான். இந்த நிலைக்குச் சகலம் என்று பெயர். மாயையும் கன்மமும் மலங்கள்தாம், கட்டுகள்தாம். ஆனாலும் முதற்கட்டை அவிழ்ப்பதற்காகவே போடப்பட்ட கட்டுகள்.

மலத்தைப் போக்க மலத்தையே கொடுப்பது எப்படிப் பொருந்தும்? அருணந்தி இதற்கு வெளுக்கும் துறையிலிருந்து விடை எடுக்கிறார். அழுக்குத் துணியை வெளுப்பவர் முதலில் அதில் சாணியையும் உவர்மண்ணையும் அப்புகிறார். அவையும் அழுக்கே. தெரியாதவர் பார்த்தால் துணி இன்னும் பாழாகிவிட்டது என்றே நினைப்பார். வெளுப்பவர் கணக்கு வேறு. ஊறவைத்து, அடித்து, அலசும்போது பிந்தி வந்த அழுக்கு முந்தி இருந்த அழுக்கையும் இழுத்துக்கொண்டு போகிறது. உடம்பும் உலகமும் அப்படி ஏற்றப்பட்டவை. இந்த உவமையில் கவனிக்க வேண்டியது துணி கல்லில் அடிபடுகிறது என்பது. துன்பத்தை இல்லை என்று சொல்லவோ மயக்கம் என்று தள்ளவோ அருணந்தி முயலவில்லை. அடி உண்மையானது, அடிப்பவர் நோக்கம் கிழிப்பதில்லை என்பதே அவர் சொல்வது.

இதே கருத்தின் கூர்மை பஞ்ச கஞ்சுகத்தில் இன்னும் தெளிவாகிறது. கஞ்சுகம் என்றால் சட்டை. கலை, வித்தை, அராகம், காலம், நியதி என்ற ஐந்தும் உயிர் அணியும் ஐந்து சட்டைகள். கலை ஆணவத்தைச் சற்றே விலக்கிச் செயலாற்றலை எழுப்புகிறது. வித்தை அறிவை எழுப்புகிறது. அராகம் விருப்பத்தைத் தூண்டுகிறது. காலம் நுகர்ச்சிக்கு நேற்று இன்று நாளை என்ற எல்லையை அமைக்கிறது. நியதி அவரவர் வினைப்பயன் அவரவரையே சேரும்படி நிறுத்துகிறது. காசுமீர சைவத்திலும் இதே ஐந்தும் இதே பெயர்களோடு உண்டு. அங்கே கதை தலைகீழ்: எல்லையற்ற சிவமே சுருங்கி உயிராகும்போது அதை இறுக்கும் உறைகள் இவை. எல்லாம் வல்ல தன்மை கலையால் சிறு செயலாகக் குறுகுகிறது, எல்லாம் அறியும் தன்மை வித்தையால் சிற்றறிவாகக் குறுகுகிறது. தமிழ்ச் சித்தாந்தத்தில் உயிர் சிவமாக இருந்து சுருங்கவில்லை. இருளில் கிடந்து எழுகிறது. ஆகவே அங்கே குறுக்கும் சட்டை இங்கே கைகொடுக்கும் சட்டை. ஒரே பொருளைச் சிறை என்றும் பயிற்சி என்றும் சொல்ல முடிவது இரு தரப்பின் தொடக்கப் புள்ளி வேறு என்பதால்தான். இரண்டில் தமிழ்ச் சித்தாந்தத்தின் பார்வைதான் பிறந்து வளரும் குழந்தையைக் கண்டவர்களின் அனுபவத்துக்கு நெருக்கமானது.

கட்டுகளின் வரிசையில் இன்னொன்றும் உண்டு, அது இறைவனுடையது. படைத்தல், காத்தல், அழித்தல், மறைத்தல், அருளல் என்ற ஐந்தொழில்களில் நான்காவதைச் செய்யும் ஆற்றலுக்குத் திரோதாயி என்று பெயர். உயிர் உலகத்தில் ஈடுபட்டு வினையை நுகர்ந்து தீர்க்கும்வரை இறைவன் தன்னை மறைத்துக்கொள்கிறான். தான் முன்னே நின்றால் உயிர் எதிலும் ஈடுபடாது, எதையும் கற்காது. 14ஆம் நூற்றாண்டில் உமாபதி சிவம் சிவப்பிரகாசத்தில் இதை விளக்கும்போது, மலங்களைப் பக்குவப்படுத்தும் தொழிலைச் செய்வதால்தான் இந்த ஆற்றலும் மலம் என்று எண்ணப்படுகிறது என்கிறார். மலம் என்பது அதற்கு ஒட்டிய பெயர்; உண்மையில் அது அருளே. பக்குவம் வந்ததும் மறைத்த அதே ஆற்றல் அருட்சத்தியாக மாறிப் பதிகிறது. அதற்குச் சத்திநிபாதம் என்று பெயர். வைத்திருப்பவரும் விடுவிப்பவரும் ஒருவரே, வைத்திருப்பதே விடுவிப்பதற்காக என்பது சித்தாந்தத்தின் நிலை.

திருவெண்ணெய்நல்லூருக்கே உரிய இன்னொரு சொல் இதோடு சேரும்: தடுத்தாட்கொள்ளல். மெய்கண்டாருக்குச் சில நூற்றாண்டு முன்பு, மணக்கோலத்தில் இருந்த சுந்தரரை ஒரு முதியவர் வந்து மறித்தார். உன் பாட்டன் எழுதிக் கொடுத்த ஓலைப்படி நீ எனக்கு அடிமை என்று வழக்காடினார். திருவெண்ணெய்நல்லூர் அவையும் ஓலையைப் பார்த்து அவர் பக்கமே தீர்ப்புச் சொன்னது. பெரியபுராணத்தில் இப்பகுதிக்குத் தடுத்தாட்கொண்ட புராணம் என்று பெயர். தடையும் ஆட்கொள்ளலும் ஒரே செயலாக அந்தத் தொடரில் நிற்கின்றன.

பயிற்சி என்ற பக்கத்தைச் சித்தாந்தம் பொதுவாகப் பேசி விட்டுவிடவில்லை. வகுப்பு வகுப்பாகப் பிரித்துக் கொடுத்தது. சரியை, கிரியை, யோகம், ஞானம் என்ற நான்கும் அந்த வகுப்புகள். முதல் வகுப்பான சரியை முழுக்க முழுக்கக் கைவேலை. விடியுமுன் எழுந்து கோயிலைத் திருவலகிட்டுக் கூட்டுவது, திருமெழுக்கிடுவது, பூப்பறிப்பது, மாலை தொடுப்பது, விளக்கேற்றுவது, அடியாரைக் கண்டால் ஏவல் கேட்பது. கூட்டுவதற்கும் மெழுகுவதற்கும் முன்னே 'திரு' சேர்த்து வழங்கியதே அந்த வேலையை அவர்கள் எந்த இடத்தில் வைத்தார்கள் என்பதைச் சொல்லும். இந்த நெறிக்குத் தாச மார்க்கம் என்று பெயர், முன்மாதிரி திருநாவுக்கரசர். கோயில் முற்றத்தில் புல் செதுக்கும் உழவாரப்படை அவர் தோளில் இல்லாமல் சிலை வடிப்பதில்லை. அவரே பல்லவ மன்னன் ஆணையால் 7 நாள் நீற்றறையில் அடைக்கப்பட்டவர் என்பதும் பெரியபுராணம் சொல்வது. சுண்ணாம்புக் காளவாயில் அடைபட்டவர் அங்கே குளிர்ச்சியைப் பாடினார். வெளியே வந்தபின் வாழ்நாள் முழுதும் புல் செதுக்கினார். அடைப்பும் கைவேலையும் ஒருவர் வாழ்விலேயே சேர்ந்திருக்கின்றன.

இன்றும் விடுமுறை நாட்களில் மண்வெட்டியும் துடைப்பமுமாகப் பழைய கோயில்களுக்குப் போகும் உழவாரப் பணிக் குழுக்கள் தமிழ்நாடு முழுதும் உண்டு. அடி அண்ணாமலை வழியே கிரிவலம் வருபவர்களும், பௌர்ணமிக் கூட்டத்துக்குப்பின் 14 கிலோமீட்டர்ப் பாதையைத் துப்புரவு செய்பவர்களும் சாத்திரக் கணக்கில் ஒரே வகுப்பில்தான் இருக்கிறார்கள். இரண்டாமவர்களில் பலர் கூலிக்குச் செய்பவர்கள் என்பதால் அவர்கள் வேலையின் திரு குறையாது.

முறையான பள்ளியும் இந்த ஊரில் நடந்தது. அனைத்துச் சாதியினரும் அர்ச்சகராகலாம் என்று 2006இல் தமிழ்நாடு அரசு ஆணை பிறப்பித்தபின் திறக்கப்பட்ட 6 அர்ச்சகர் பயிற்சிப் பள்ளிகளில் ஒன்று திருவண்ணாமலையில் அமைந்தது. பல சாதிகளிலிருந்து வந்த மாணவர்கள் தங்கிப் படித்து, மந்திரமும் பூசை முறையும் கற்று, தீக்கை பெற்றார்கள். பிறகு வழக்குகளால் ஆண்டுக்கணக்கில் வேலையின்றிக் காத்திருந்தார்கள். அவர்களில் சிலருக்கு 2021 ஆகஸ்டில்தான் பணி ஆணை கிடைத்தது. பக்குவத்துக்குச் சித்தாந்தம் கேட்பது மலபரிபாகம். பிறப்பைக் கேட்டுப் பக்குவத்தை முடிவு செய்யும் வழக்கம் அந்த நூல்களின் உள்ளத்துக்கு ஒவ்வாதது. பயிற்சி முடித்தவரை வாசலிலேயே நிறுத்திவைப்பது பயிற்சியின் பகுதி ஆகாது.

அடி அண்ணாமலையில் கிரிவலப் பாதையோரம் மாணிக்கவாசகருக்குத் தனிக்கோயில் இருக்கிறது. திருவாசகத்தில் திருவெம்பாவையும் திருவம்மானையும் திருவண்ணாமலையில் அருளப்பட்டவை. திருவெம்பாவை பிறந்த இடம் இதுவே என்று இவ்வூரார் காட்டுகிறார்கள். மாணிக்கவாசகர் கதையிலும் சிறை உண்டு. குதிரை வாங்கப் பாண்டியன் கொடுத்த பணத்தைத் திருப்பெருந்துறையில் கோயிலுக்குச் செலவிட்டதால் அமைச்சராக இருந்த அவர் சிறைப்பட்டார். அவருக்காக நரிகள் பரிகளாயின, வையை பெருகியது. கரை அடைக்க ஆளனுப்ப முடியாத வந்தி என்னும் கிழவிக்காக இறைவனே பிட்டைக் கூலியாக வாங்கிக்கொண்டு மண் சுமந்தான். வேலை சரியில்லை என்று பிரம்படியும் பட்டான். அந்த அடி உலகத்து உயிர்கள் எல்லாவற்றின் முதுகிலும் விழுந்தது. அடியவர் சிறையில் இருக்கும்போது ஆண்டவன் கூலியாளாக வெயிலில் நிற்கிறான். உயிரைப் பயிற்றுபவன் அந்த வேலையின் வலியைத் தானும் ஏற்றான் என்பதே இக்கதையில் பெரிது. இது இல்லாவிட்டால் மேலே சொன்ன தத்துவம் முழுவதும் உயரத்தில் உட்கார்ந்தவர் தாழ்ந்தவருக்குச் சொல்லும் சமாதானமாகப் போயிருக்கும்.

வைணவம் இதை வேறு வழியில் தொட்டது. வெண்ணெய் திருடிய கண்ணனை யசோதை உரலில் கட்டிவைத்த கதையில் ஆழ்வார்கள் மறுபடி மறுபடி கரைந்தார்கள்; அந்த எளிமையை நினைத்த நம்மாழ்வார் 6 மாதம் நினைவற்றுக் கிடந்தார் என்பது உரைமரபு. மதுரகவியாழ்வாரின் 11 பாசுரப் பதிகம் அந்தத் தாம்புக் கயிற்றின் பெயராலேயே கண்ணிநுண்சிறுத்தாம்பு என்று வழங்குகிறது. கட்ட வல்லவன் கட்டுப்பட்டதைத் தமிழ்ப் பத்தி இரு மரபிலும் போற்றியிருக்கிறது.

திருவெம்பாவைக்கு வரலாம். மார்கழி விடியலில் பெண்கள் வீடு வீடாகப் போய் உள்ளே உறங்கும் தோழியரை எழுப்பி நீராடக் கூட்டிப்போகும் அமைப்பில் 20 பாட்டுகள். தலைப்பை ஒட்டி வரும் பழைய குறிப்பு இதன் பொருள் சத்தியை வியந்தது என்கிறது. மலவிருளில் உறங்கும் உயிரை அருள் எழுப்புவதாக விரித்துரைப்பதும் சைவ வழக்கு. அப்படிப் படிக்கும்போது ஒன்றைக் கவனிக்கலாம். எழுப்ப வந்தவர்கள் கதவை உடைப்பதில்லை. வாசலில் நின்று பாடுகிறார்கள், கேலி செய்கிறார்கள், நேற்று அவள் சொன்ன சொல்லை நினைவூட்டுகிறார்கள். தாழ்ப்பாள் உள்ளே இருக்கிறது. எழுந்து வந்து திறக்க வேண்டியவள் உறங்குபவளே. அருள் எவ்வளவு வலியதானாலும் உயிரின் எழுச்சிக்குப் பதிலாக நிற்பதில்லை என்ற சித்தாந்தக் கருத்தை, அந்தச் சாத்திரங்கள் பிறப்பதற்கு முன்பே இந்தப் பாட்டு வீதியில் வைத்துக் காட்டிவிட்டது.

தானே விரும்பி அடைபடுவது பிற சமயங்களிலும் உண்டு. மழைக்காலத்தில் ஊர் ஊராக நடப்பதை நிறுத்தி ஓரிடத்தில் தங்கும் நோன்பு சமணத் துறவியருக்கும் பௌத்தத் துறவியருக்கும் பொது. சமணர் அதைச் சாதுர்மாசம் என்பர். இலங்கையில் பிக்குகளின் வஸ் காலம் 3 மாதம். ரமலானின் கடைசிப் பத்து நாள் பள்ளிவாசலை விட்டு வெளியே வராமல் இஃதிகாஃப் இருப்பது தமிழ் முஸ்லிம்களிடம் இன்றும் உள்ள வழக்கம்.

அண்ணாமலையில் இதற்குக் குகைகளே சாட்சி. குகை நமசிவாயர் பெயரிலேயே குகை ஒட்டியிருக்கிறது. 1896 செப்டம்பர் 1 அன்று 16 வயதில் திருவண்ணாமலை வந்த ரமணர், சில நாட்களில் ஆயிரங்கால் மண்டபத்தின் அடியில் வெளிச்சம் புகாத பாதாளலிங்கக் குழியில் போய் அமர்ந்தார். எறும்பும் பூச்சியும் தொடையைக் கடித்துப் புண்ணாக்கியது அவருக்குத் தெரியவில்லை. பிறர்தாம் தூக்கி வந்து வெளியே வைத்தார்கள். பிறகு விரூபாட்ச குகையில் 1916 வரையும், கந்தாசிரமத்தில் 1922 வரையும் இருந்தார். ஆசிரமம் உருவானபின் விடியற்காலையில் அடுக்களையில் அமர்ந்து காய் நறுக்குவது ஆண்டுக்கணக்கில் அவர் வழக்கமாயிற்று. உடன் நறுக்கியவர்களுக்கு அதுவே பாடம். ஒரு பருக்கை வீணாவதையும் அவர் பொறுத்ததில்லை.

ஆனால் ரமணர் கேள்வியைச் சித்தாந்தி கேட்கும் முறையில் கேட்கவில்லை. கட்டு எதற்காக என்று கேட்டவரிடம், கட்டுப்பட்டவன் யார் என்று பார்க்கச் சொன்னார். உள்ளது நாற்பதில், கட்டுப்பட்டிருக்கிறேன் என்ற எண்ணம் இருக்கும்வரைதான் கட்டு, விடுதலை என்ற இரு நினைவும் என்கிறார். அந்த 'நான்' யார் என்று தேடினால் எஞ்சுவது என்றும் விடுபட்டே உள்ள ஒன்று. சித்தாந்தத்துக்குக் கட்டு மெய். ரமணருக்கு அது விசாரணைக்கு முன் நிற்காதது. இவ்விரண்டையும் ஒன்றென்று சொல்லி ஒப்பேற்றுவது இரண்டுக்கும் செய்யும் அநியாயம். எனினும் மெய்கண்டார் சுட்டிய விரலும் ரமணர் கேட்ட கேள்வியும் ஒரே ஆளை நோக்கியே நீள்கின்றன.

பொது மக்களின் பத்தி இதற்கெல்லாம் காத்திருக்கவில்லை. அடி அண்ணாமலையைக் கடந்து குபேரலிங்கத்துக்கு அப்பால் இடுக்குப் பிள்ளையார் கோயில் இருக்கிறது. நேர்கோட்டில் அமையாத மூன்று வாசல்கள், ஆள் நிமிர முடியாத சந்து. பின்பக்கம் நுழைந்து, ஒருக்களித்து, கையை ஊன்றி, தோளைச் சுருக்கி முன்பக்கம் வெளிவர வேண்டும். பருத்த உடம்புள்ளவர் பாதியில் நின்று மூச்சு வாங்குவார். முன்னே வெளிவந்தவர் இப்படித் திரும்பு, தோளை இறக்கு என்று வழி சொல்வார். இந்த இடுக்கில் புகுந்து வந்தால் மறுபடி ஒரு கருப்பையில் புகவேண்டியதில்லை என்பது நம்பிக்கை. இடைக்காட்டுச் சித்தரோடு இதை இணைத்துச் சொல்வார்கள். கேவலம், சகலம், கட்டு நீங்கிய சுத்தம் என்று ஏடு சொல்வதை உடம்பால் ஒருமுறை செய்து பார்ப்பதாகவே இது அமைந்திருக்கிறது.

இந்தத் தத்துவத்துக்கு ஓர் ஆபத்து உண்டு; அதை மறைப்பது முறையன்று. கட்டு பயிற்சிக்காக என்று சொல்லும் நெறியை, கட்டிவைக்கும் மனிதர்கள் தமக்குச் சாதகமாக எடுத்துக்கொள்ளலாம், எடுத்தும் இருக்கிறார்கள். முன்பணம் வாங்கிய ஒரே காரணத்தால் செங்கல் சூளையிலும் அரிசி ஆலையிலும் மரம் வெட்டும் காட்டிலும் குடும்பத்தோடு அடைபட்ட இருளர்கள் வடதமிழக மாவட்டங்களில் எத்தனையோ முறை மீட்கப்பட்டிருக்கிறார்கள். கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1976இலேயே வந்துவிட்டது. அவர்கள் நிலையை முன்வினை என்று சொல்லிவிட்டுப் போவது சித்தாந்தமாகாது. சாத்திரமே வைக்கும் அளவுகோலைக் கொண்டு பார்த்தால் இது விளங்கும். உயிரைக் கட்டில் வைத்த இறைவனுக்கு அந்தக் கட்டால் ஒரு பயனும் இல்லை. பயன் முழுவதும் உயிருக்கே. முதலாளியின் கட்டிலோ பயன் முழுவதும் முதலாளிக்கு. இறைவன் பக்குவம் வந்த கணத்தில் விடுகிறான். இங்கே கடன் எத்தனை ஆண்டு உழைத்தாலும் தீராதபடி எழுதப்படுகிறது. ஆண்டவன் பட்ட பிரம்படியை ஆளும் வர்க்கம் எதுவும் பட்டதில்லை. ஆக, மனிதர் மனிதருக்குப் போடும் பூட்டைத் திரோதாயியோடு ஒப்பிடுவதற்கு அந்த நூல்களில் இடமே இல்லை.

கொடுப்பவன் கொடுமைக்காகவே கொடுத்த சிறையையும் அடைபட்டவர் தம் பயிற்சியாக்கிக்கொள்ளலாம் என்பது வேறு செய்தி. அந்தப் பெருமை அடைபட்டவருக்கே சேரும். 1908இல் கைதான வ. உ. சிதம்பரம் பிள்ளை கோவைச் சிறையில் செக்கிழுத்தார். 1912 இறுதியில் விடுதலையானார். ஜேம்ஸ் ஆலன் நூல்களைத் தமிழாக்கியதும் மெய்யறம் போன்ற அறநூல்கள் எழுதியதும் அந்தச் சிறைக்காலத்தை ஒட்டிய பணிகள். அவரே 1935இல் சிவஞானபோதத்துக்கு உரை வெளியிட்டார். பாசத்தைப் பற்றி எழுதிய உரைகாரர்களில் செக்கடியின் கட்டைத் தம் தோளால் அறிந்தவர் அவர்.

விடுதலைக்குப்பின் என்ன என்பதையும் மெய்கண்டார் விட்டுவைக்கவில்லை. சிவஞானபோதத்தின் 12ஆம் நூற்பா முத்தி பெற்றும் உடம்போடு உலவும் சீவன்முத்தரைப் பற்றியது. மலம் கழுவப்பட்டுவிட்டது, கட்டு அறுந்துவிட்டது. இனி அவருக்குக் கோயில் எதற்கு, கூட்டம் எதற்கு என்று கேட்கத் தோன்றும். மெய்கண்டார் சொல்வது மறுதிசை: அவர் அடியாரோடு கூடியிருப்பார், அவர்கள் திருவேடத்தையும் ஆலயத்தையும் இறைவன் என்றே கண்டு தொழுவார். இதற்கு உரையாசிரியர்கள் தரும் காரணம் வாசனாமலம். பெருங்காயம் தீர்ந்த பிறகும் சட்டியில் நாற்றம் நிற்பதுபோல மலம் போன பின்னும் அதன் பழக்கம் சற்றே தங்குகிறது. கவனம் தப்பினால் அது மீண்டும் தலைதூக்கும். ஆகையால் சரியையில் தொடங்கியவர் செய்த அதே வேலைகளை, கூட்டுவதையும் மெழுகுவதையும் தொழுவதையும், ஞானம் கைவந்தவரும் செய்துகொண்டிருக்கிறார். தொடங்கியவருக்கு அது கற்கும் வழி; முடித்தவருக்கு அது இருக்கும் முறை. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இருவரையும் பிரித்துக் காட்ட ஓர் அடையாளமும் கிடையாது.